பதினான்காம் லூயியின் தம்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் 14-ஆம் லூயியைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும், பத்து நிமிடத்தில் பேச்சு அவருடைய தம்பி பக்கம் திரும்பிவிடுகிறது. ரிப்பன், வைரம், குதிகால் உயர்ந்த செருப்பு, ஒரு போர் வெற்றி, ஒரு விஷ வதந்தி என்று ஆளுக்கொரு துணுக்கு கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

முதலில் யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பெயர் பிலிப். 1640 செப்டம்பர் 21-ல் பாரிஸுக்கு மேற்கே உள்ள சேன்-ஜெர்மேன் அரண்மனையில் பிறந்தார். அப்பா 13-ஆம் லூயி, அம்மா ஸ்பெயின் நாட்டு இளவரசி ஆன். கல்யாணமாகி 23 வருடம் வாரிசில்லாமல் இருந்த தம்பதிக்கு 1638-ல் லூயி பிறந்தார். இரண்டு வருடத்தில் பிலிப். 1643-ல் அப்பா இறந்தபோது அண்ணனுக்கு வயது நான்கு, தம்பிக்கு இரண்டு. அந்த நான்கு வயதுக் குழந்தைதான் பின்னால் 'சூரிய அரசர்' என்று அழைக்கப்பட்டது.

பிலிப் முதலில் ஆன்ஷூ டியூக், பிறகு ஓர்லியான் டியூக். 60 வயது வரை வாழ்ந்து 1701-ல் இறந்தார். வாழ்க்கை முழுவதும் நாட்டின் இரண்டாவது பெரிய மனிதர். ஆனால் நாட்டு நிர்வாகத்தில் ஒரு கையெழுத்துப் போடும் அதிகாரம்கூட அவரிடம் இருந்ததில்லை.

எல்லாரும் அவரை 'மொசியே' என்கிறார்களே, அது நம்ம 'ஐயா' மாதிரி சாதாரண வார்த்தைதானே?

சாதாரண வார்த்தைதான். புதுச்சேரிக்காரர்கள் 'முசே' என்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் பிரெஞ்சு அதிகாரிகள் 'முசே' என்ற அடைமொழியோடுதான் நடமாடுகிறார்கள். ஆனால் பின்னால் பெயர் எதுவும் சேர்க்காமல் வெறுமனே 'மொசியே' என்றால், அது நாட்டிலேயே ஒரே ஒருவரைத்தான் குறிக்கும்: அரசருக்கு அடுத்துப் பிறந்த தம்பி. நம் வீடுகளில் 'ஐயா வந்தாச்சா' என்றால் எந்த ஐயா என்று யாரும் கேட்பதில்லையே, அது மாதிரி. அவர் மனைவி வெறும் 'மதாம்'.

பிலிப் சிறுவனாக இருந்தபோது இந்தப் பட்டம் அவருடைய சித்தப்பா கஸ்தோனிடம் இருந்தது. அதனால் ஒருவர் பெரிய மொசியே, இன்னொருவர் சின்ன மொசியே. 1660-ல் கஸ்தோன் இறந்த பிறகு பட்டமும் ஓர்லியான் சீமையும் பிலிப்புக்கு வந்தன.

அரசருக்கு ஒரு தம்பி இருந்தால் பலம்தானே? ஏன் பயப்பட வேண்டும்?

'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்பது நம் பழமொழி. பிரான்ஸ் அரசர்களுக்கோ தம்பியே படையோடு வந்து நின்ற அனுபவம். 1465-ல் 11-ஆம் லூயிக்கு எதிராகப் பெரும் பிரபுக்கள் கூட்டணி சேர்ந்தபோது அதில் அவருடைய தம்பி ஷார்லும் இருந்தார். மேலே சொன்ன கஸ்தோனோ அண்ணன் 13-ஆம் லூயியையும் மந்திரி ரிஷ்லியூவையும் கவிழ்க்க வாழ்நாளெல்லாம் சதி செய்தவர். ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்வார், ஒவ்வொரு முறையும் மன்னிப்புப் பெறுவார். அவரை நம்பி இறங்கியவர்களுக்குத்தான் தலை போகும்: 1626-ல் ஷலே, 1632-ல் மோன்மொரான்சி, 1642-ல் சேன்-மார். அரச ரத்தத்தை வெட்ட முடியாது என்பதுதான் கஸ்தோனின் ஆயுள் காப்பீடு.

பிலிப்பின் சிறுவயதிலேயே 1648 முதல் 1653 வரை 'ஃப்ரோந்து' என்ற உள்நாட்டுக் கலகம் நடந்தது. சிறுவன் லூயி இரவோடிரவாகப் பாரிஸை விட்டு ஓட வேண்டி வந்தது. கஸ்தோன் அதிலும் கலகக்காரர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் பார்த்த அம்மாவும் மந்திரி மஸாரினும் எடுத்த முடிவு ஒன்றுதான்: இன்னொரு கஸ்தோன் உருவாகக் கூடாது. பிலிப்பின் வாழ்க்கையில் மற்ற எல்லாமே இந்த முடிவிலிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

சின்ன வயசில் பெண் உடை போட்டு வளர்த்தது உண்மையா? வேண்டுமென்றே கெடுத்தார்களா?

அந்தக் காலத்தில் ஆறேழு வயது வரை எல்லா ஆண் குழந்தைகளுக்கும் கவுன்தான். அண்ணன் லூயியும் கவுனில் இருக்கும் ஓவியங்கள் உண்டு. ஆகவே அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பிலிப்புக்கு அந்த வயது தாண்டியும் அது தொடர்ந்தது என்று அவரோடு விளையாடி வளர்ந்த ஷுவாசி என்பவர் எழுதிவைத்திருக்கிறார். மஸாரின் சொல்லித்தான் அப்படிச் செய்தார்கள் என்கிறார். ஷுவாசியே பெண் உடையில் வாழ்வதில் பெருமகிழ்ச்சி கண்டவர். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

திட்டம் போட்டுத்தான் அவருடைய இயல்பை 'உருவாக்கினார்கள்' என்ற கதையை நான் நம்பவில்லை. மனித இயல்பு அப்படி வார்த்து எடுக்கக்கூடியது அல்ல. ஆட்சிப் பயிற்சி, படைப் பயிற்சி, வெளிநாட்டு விவகாரம் ஆகியவற்றிலிருந்து அவரைத் தள்ளி வைத்தார்கள். உடை, நகை, விருந்து ஆகியவற்றுக்குத் தடை சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அவர் அரசராக எப்போதாவது வாய்ப்பு இருந்ததா?

18 வருடம் இருந்தது. 1643 முதல் 1661 நவம்பர் 1-ல் லூயிக்கு மகன் பிறக்கும் வரை, அடுத்த வாரிசு பிலிப்தான். மிக நெருங்கி வந்தது 1658-ல். கலே நகரில் 19 வயது லூயி காய்ச்சலில் விழுந்து பிழைப்பாரா என்ற நிலை வந்தது. அரசவையில் பலர் மெல்ல நகர்ந்து தம்பி பக்கம் நிற்கத் தொடங்கினார்கள். பிலிப் எதையும் தூண்டவில்லை. லூயி பிழைத்து எழுந்தார். ஆனால் யார் யார் எங்கே நின்றார்கள் என்பது மஸாரினுக்கு மறக்கவில்லை.

அரண்மனையில் ஒரு நாள் முழுக்க என்னதான் செய்வார்? வேலை வெட்டி ஏதாவது உண்டா?

வேலை உண்டு, முகம் காட்டுவதுதான் வேலை. காலையில் அரசர் எழுந்து உடை மாற்றும்போது பிரபுக்கள் சுற்றி நிற்பார்கள். அப்போது அரசருக்குச் சட்டையை எடுத்துக் கொடுக்கும் உரிமை, அங்கே இருப்பவர்களில் மிக உயர்ந்தவருக்கு. பட்டத்து இளவரசர் இல்லாவிட்டால் அது தம்பிக்கு. மதியம் அரசர் சாப்பிடும்போது கைத்துண்டை நீட்டுவதும் அவர்தான். நீட்டிவிட்டு நிற்பார். 'உட்காருங்கள்' என்று அரசர் சொன்ன பிறகு ஒரு முக்காலி வரும். உட்காருவார். அரசரோடு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருப்பவரும் அநேகமாக அவர் ஒருவர்தான். பிறகு வேட்டை, நாடகம், சீட்டாட்டம். பெரிய தொகை வைத்து ஆடுவார்.

இதற்கு நடுவே அவருடைய உண்மையான தொழில் ஒன்று உண்டு. யார் யாருக்கு முன்னால் நடக்கலாம், யார் முன்னால் யார் உட்காரலாம், துக்கத்துக்கு யார் எத்தனை நீள அங்கி அணியலாம் என்ற வழக்கங்களில் அவர்தான் நடமாடும் அகராதி. நம் ஊர்க் கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் சண்டை வந்தால் பழைய வழக்கம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிடுவார்களே, அரசரின் வெர்சாய் அரண்மனையில் அந்தப் பெரியவர் இவர்.

சட்டையை எடுத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு பெருமையா? வேலைக்காரன் செய்கிற வேலைதானே?

அதையே வேலைக்காரன் செய்தால் வேலை, டியூக் செய்தால் மரியாதை. யார் அரசருக்கு எத்தனை அடி நெருக்கத்தில் நிற்கிறார் என்பதே அங்கே செலாவணி. நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். கை வைத்த நாற்காலி, முதுகு சாயும் நாற்காலி, வெறும் முக்காலி, நின்றுகொண்டிருத்தல் என்று வரிசை. ராணியின் முன் முக்காலியில் உட்காரும் உரிமைக்காகவே டியூக்குகளின் மனைவிமார் பெருமைப்பட்டார்கள்.

1666-ல் பிலிப் ஒரு கோரிக்கை வைத்தார்: ராணியின் அறையில் தன் மனைவிக்கு முதுகு சாயும் நாற்காலி வேண்டும். லூயி மறுத்தார். மறுத்ததோடு, ஏன் மறுத்தேன் என்று மகனுக்காக எழுதிய நினைவுக் குறிப்பிலும் அதைப் பதிந்து வைத்தார். ஐரோப்பாவின் மிகப் பலமான அரசர் நாற்காலியின் முதுகைப் பற்றி எழுதுகிறார் என்றால், அது நாற்காலியைப் பற்றியது அல்ல என்பது புரியும்.

செலவுக்கு அண்ணனிடம் கை நீட்ட வேண்டியிருந்ததா?

பாதி அப்படித்தான். அரசரின் தம்பிக்கு ஜீவனாம்சமாகச் சில சீமைகளை விடுவது வழக்கம். பிலிப்புக்கு ஓர்லியான், வலுவா, ஷார்த்ர் முதலியவை வந்தன. வருமானம் அவருக்கு; கோட்டையும் படையும் அரசருக்கு. ஆண் வாரிசு இல்லாமல் போனால் சீமை அரசரிடமே திரும்பிவிடும். இதற்கு மேல் அரசர் தரும் வருடாந்தரத் தொகை வேறு. அது கை நீட்டி வாங்குவது. 1679-ல் அனுமதி பெற்று 1692-ல் திறக்கப்பட்ட ஓர்லியான் கால்வாயிலும் அவருக்கு நல்ல வருமானம் வந்தது. ஊதாரி என்ற பெயர் இருந்தாலும் சொத்துக் கணக்கில் அவர் ஏமாளி அல்ல.

கிடைக்காதது எது என்பதைப் பாருங்கள். 1666-ல் தெற்கே லாங்கதோக் மாகாணத்தின் ஆளுநர் பதவி காலியானது. பிலிப் கேட்டார். அந்தப் பதவியில் முன்பு கஸ்தோன் இருந்ததையும் எடுத்துச் சொன்னார். அரசரின் தம்பிக்கு அரசவையைத் தவிர வேறு இருப்பிடம் கூடாது என்பது லூயியின் முடிவு. அந்த முன்னுதாரணமே பதவியைத் தராமலிருக்கக் காரணம் என்பது பிலிப்புக்கு உறைக்கவில்லை போலும்.

அவர் ஆண்களைக் காதலித்தார் என்கிறார்களே? அப்படியானால் இரண்டு கல்யாணம், பிள்ளைகள் எல்லாம்?

இரண்டும் உண்மை. அரச குடும்பத்தில் கல்யாணம் என்பது வெளியுறவுத் துறைக் காரியம். 1661-ல் இங்கிலாந்து அரசரின் தங்கை ஆன்ரியெத்தை மணந்தார். அவர் இறந்த பிறகு 1671-ல் ஜெர்மானிய இளவரசி லீஸலோட்டெ. இரண்டு பேர் வழியாகவும் பிள்ளைகள் பிறந்தன.

மனம் இருந்தது வேறிடத்தில். லொரேன் செவாலியே என்ற அழகான, ஏழ்மையான, கெட்டிக்கார இளைஞர் முப்பது வருடத்துக்கு மேல் அவர் வீட்டை ஆண்டார். (சிவாஜி கணேசனால் நமக்குப் பழகிய அதே 'செவாலியே' என்ற சொல்தான்.) இது அரசவையில் எல்லாருக்கும் தெரியும். சாதாரண மனிதருக்கு இதே காரியத்துக்கு அன்றைய சட்டப்படி உயிரே போகலாம். அரசரின் தம்பிக்கு முணுமுணுப்போடு சரி. 1670 ஜனவரியில், செவாலியேவுக்கு மடங்களின் வருமானத்தைக் கேட்டு பிலிப் அடம்பிடித்தபோது லூயி அந்தச் செவாலியேவைக் கைது செய்து ஷாத்தோ திஃப் தீவுச் சிறைக்கு அனுப்பினார். பிலிப் கோபித்துக்கொண்டு வில்லே-கோத்ரே மாளிகைக்குப் போய்விட்டார். கஸ்தோனாக இருந்தால் அங்கிருந்து படை திரட்டியிருப்பார். இவர் சில வாரத்தில் திரும்பி வந்தார். செவாலியே இத்தாலிக்கு அனுப்பப்பட்டு 1672-ல் திரும்ப அழைக்கப்பட்டார். தம்பி எதற்கு அழுவார், எதைக் கொடுத்தால் அடங்குவார் என்று லூயிக்கு அதன் பிறகு தெளிவாகத் தெரிந்திருக்கும்.

முதல் மனைவியை விஷம் வைத்துக் கொன்றாரா இல்லையா?

இல்லை என்றே சொல்வேன். வதந்தி வந்த விதம் மட்டும் புரிகிறது. கல்யாணமான புதிதில் ஆன்ரியெத்துக்கும் லூயிக்கும் இருந்த நெருக்கம் ஊர்ப் பேச்சானது. பிறகு 1670-ல் லூயி அவரை ரகசியத் தூதராக இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கு அனுப்பி, அவர் அண்ணன் இரண்டாம் சார்ல்ஸுடன் ஒப்பந்தம் முடித்தார். மனைவிக்கு ராஜதந்திர வேலை, கணவனுக்கு விஷயமே சரியாகச் சொல்லப்படவில்லை. செவாலியே நாடு கடத்தப்பட்டதற்கும் அவர்தான் காரணம் என்று பிலிப் நினைத்தார். அந்தப் பின்னணியில், திரும்பி வந்த சில நாட்களில் ஆன்ரியெத், பிலிப்பின் சேன்-க்ளூ மாளிகையில் ஒரு கோப்பை சிக்கரி நீர் குடித்ததும் (நம் காப்பியில் கலக்கும் அதே சிக்கரி) வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். 1670 ஜூன் 30 அதிகாலையில் இறந்தார். வயது 26.

பிரேதப் பரிசோதனை இங்கிலாந்துத் தூதர் தரப்பு மருத்துவர்களும் பார்க்க நடந்தது. இயற்கை மரணம் என்று முடிவானது. வயிற்றுப் புண் வெடித்து ஏற்பட்ட உள் அழற்சி என்பதுதான் இன்றைய மருத்துவர்கள் பலரின் கருத்து. செவாலியே அப்போது பிரான்ஸிலேயே இல்லை. அரசவை நினைவுக் குறிப்புகளில் விஷக் கதையை விரிவாக எழுதிய சேன்-சிமோன் பிறந்ததே 1675-ல்.

இரண்டாவது மனைவியின் கடிதங்களை நம்பலாமா? ரொம்பக் காரமாக இருக்கிறதே.

லீஸலோட்டெ ஹனோவரில் இருந்த அத்தை சோஃபிக்கும் மற்றவர்களுக்கும் எழுதிய கடிதங்களில் ஆயிரக்கணக்கானவை மிஞ்சியுள்ளன. நமக்குத் தெரிந்த பிலிப்பில் பாதி இவர் காட்டிய பிலிப்தான். கணவர் இரவில் ஜெபமாலையும் புனிதப் பதக்கமும் சலசலக்கப் படுக்கையில் ஏதோ செய்வதைப் பார்த்து, விளக்கைக் கொண்டுபோய்க் காட்டி இவர் சிரித்தது. மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு இருவரும் பேசி வைத்துத் தனிப் படுக்கைக்குப் போய் நிம்மதியானது. இதையெல்லாம் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

நம்பலாம், ஆனால் கோபத்தைக் கழித்துக்கொண்டு. கணவரின் ஆட்கள் இவரை மதிக்கவில்லை, கணவரின் பணம் அவர்களிடம் போனது. போதாததற்கு, இவருடைய உரிமை என்ற சாக்கில் லூயியின் படைகளே 1688, 89-ல் இவர் பிறந்த பலத்தினேட் நாட்டைக் கொளுத்தின. அப்படி இருந்தும் பிலிப் இறந்த பிறகு, அவருக்கு வந்திருந்த காதல் கடிதங்களை வேறு யார் கையிலும் சிக்காதபடி, படிக்காமலேயே எரித்தவரும் இதே லீஸலோட்டெதான்.

அலங்காரம் செய்துகொண்டு போருக்குப் போனவர் எப்படி ஜெயித்தார்? அப்புறம் ஏன் மறுபடி அனுப்பவில்லை?

அலங்காரத்துக்கும் தைரியத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. வெடிமருந்துப் புகையை விட வெயிலுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார் என்று வீரர்கள் கேலி செய்தார்களாம். 1667-லும் 1672-லும் முற்றுகைகளில் பதுங்குகுழிகளில் நின்றவர். 1677 ஏப்ரல் 11-ல் கசெல் என்ற இடத்தில், சேன்-ஒமேர் நகரைக் காப்பாற்ற வந்த டச்சுத் தலைவர் ஆரஞ்சு வில்லியமின் படையை நேருக்கு நேர் சந்தித்தார். பக்கத்தில் லக்ஸம்பர்க் போன்ற தேர்ந்த தளபதிகள் இருந்தார்கள், உண்மைதான். ஆனாலும் வரிசை கலைந்த கட்டத்தில் தானே முன்னால் போய்ப் படையைத் திருப்பினார். வில்லியம் தோற்றார். சில நாட்களில் நகரம் விழுந்தது. அந்த வில்லியம்தான் பின்னால் இங்கிலாந்தின் அரசர்.

பாரிஸ் கொண்டாடியது. லூயி பாராட்டினார். அதற்குப் பிறகு ஒரு களப்போருக்கும் பிலிப்பை அனுப்பவில்லை. லூயி முற்றுகைகளை நடத்தியவர். திறந்த வெளியில் எதிரிப் படையோடு மோதி ஜெயித்த பெருமை அவருக்குக் கிடையாது. தம்பிக்குக் கிடைத்துவிட்டது. 1693-ல் மேற்குக் கடற்கரையைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கே எதிரி யாரும் வந்து இறங்கவில்லை.

இரும்பு முகமூடி மனிதர் இவர்தானா? அண்ணனுடைய இரட்டைப் பிறவி என்கிறார்களே?

இல்லவே இல்லை. அந்தப் பெயர் பெற்ற மர்மக் கைதி 1669-ல் பிடிபட்டு 1703-ல் பஸ்தீய் சிறையில் இறந்தவர். பிலிப்போ 1701-ல் இறக்கும் வரை ஊரறிய சீட்டாடிக்கொண்டிருந்தார். முகமூடியும் இரும்பு அல்ல, வெல்வெட். அரசரின் ரகசிய அண்ணன் என்ற கதையைப் பரப்பியவர் 18-ஆம் நூற்றாண்டில் வோல்ட்டேர். இரட்டைப் பிறவியெல்லாம் நாவலும் சினிமாவும் அதன் மேல் கட்டியது.

சரி, அண்ணனுக்கு இவர் மேல் பாசமே கிடையாதா?

பாசம் இருந்தது. அதனால்தான் கடைசிச் சண்டை அவ்வளவு கசப்பானது. 1692-ல் லூயி, தன் காதலி மோன்தெஸ்பானுக்குப் பிறந்த மகளை பிலிப்பின் ஒரே மகனுக்குக் கட்டி வைத்தார். அரச குடும்பத்தில் அது பெரிய தலைகுனிவு. சம்மதித்துவிட்டு வந்த மகனை லீஸலோட்டெ எல்லார் முன்னாலும் அறைந்தார் என்கிறார் சேன்-சிமோன். பதிலுக்கு பாரிஸின் பலே-ருவாயால் மாளிகை பிலிப்பின் சொத்தாக எழுதப்பட்டது. ஆனால் மகன் எதிர்பார்த்த படைத்தலைமை பிலிப் இருந்தவரை வரவே இல்லை. கசெல் கதைதான் மறுபடியும்.

1701 ஜூன் 8-ல் மார்லி மாளிகையில், மருமகன் தன் மகளைச் சரியாக நடத்தவில்லை என்று லூயி ஆரம்பித்தார். வாழ்நாளெல்லாம் பணிந்திருந்த தம்பி அன்று வெடித்தார்: வேலை கொடுக்காமல் இளைஞனை வைத்திருந்தால் வேறென்ன செய்வான்? குரல் அடுத்த அறை வரை கேட்டது. பிறகு இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிலிப்பின் முகம் சிவந்திருந்ததைப் பார்த்து, ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். அன்றிரவு சேன்-க்ளூவில் விருந்து மேசையிலேயே பக்கவாதம் தாக்கியது. லூயி நள்ளிரவில் ஓடி வந்தார். மறுநாள் மதியம் பிலிப் இறந்தார். அண்ணன் நிறைய அழுதார். அதற்கடுத்த நாளே மார்லியில் சீட்டாட்டம் தொடங்கச் சொன்னவரும் அவர்தான். அரசவை துக்கத்தில் சலித்துப்போகக் கூடாதாம்.

அவர் வம்சம் என்ன ஆனது?

அண்ணன் வம்சத்தைவிடத் தழைத்தது. மூத்த மகள் ஸ்பெயின் ராணி. இளையவள் சவாய் நாட்டுக்குப் போனாள். அவளுடைய மகள்தான் 15-ஆம் லூயியின் தாய். லொரேன் நாட்டுக்குப் போன மகளின் பேத்தி மரி அந்துவானெத். வேலை கிடைக்காத அந்த மகன், லூயி இறந்ததும் 1715 முதல் 1723 வரை, சிறுவனாக இருந்த 15-ஆம் லூயியின் சார்பில் பிரான்ஸையே ஆண்ட ரீஜென்ட். அந்த வழியில் வந்த ஒருவர் 1793-ல் 16-ஆம் லூயிக்கு மரண தண்டனை கொடுக்க வாக்களித்து, அதே வருடம் தானும் கில்லட்டினில் போனார். அவர் மகன் லூயி-பிலிப் 1830-ல் அரசரானார்.

நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்த பெரிய வைரத்தை, சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட் வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1717-ல் அதை வாங்கியவர் இந்த ரீஜென்ட். இன்றும் அதன் பெயர் 'ரீஜென்ட்' வைரம்தான். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதை யார் அணிந்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

பாரிஸ் போனால் இவருடையது என்று எதைப் பார்க்கலாம்?

சேன்-க்ளூ பூங்காவுக்குப் போங்கள். 1658 முதல் அவர் ஆசை ஆசையாகக் கட்டிய இடம். லெ நோத்ர் தோட்டம் போட்டார். மிஞ்ஞார் வரைந்த கூரை ஓவியங்களை 1678-ல் லூயியே வந்து பார்த்தார். மாளிகை 1870 போரில் எரிந்தது, 1891-ல் இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது புல்தரை. படிப்படியாக இறங்கும் நீர்வீழ்ச்சி மட்டும் அவர் காலத்தது. நகருக்குள் பலே-ருவாயால் இருக்கிறது, பிற்காலத்தில் நிறைய மாற்றப்பட்டுவிட்டது. அங்கே இருந்த அரங்கில்தான் நாடக ஆசிரியர் மொலியேர் தன் குழுவோடு நடித்தார். 1658-ல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த அந்த நாடகக் குழுவுக்கு 'மொசியேவின் குழு' என்று தன் பெயரைக் கொடுத்துப் பாரிஸில் நிற்க வைத்தவர் 18 வயது பிலிப். நடிகர் ஒவ்வொருவருக்கும் 300 லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணம் வரவே இல்லை என்று குழுவின் கணக்கேட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள்.